கேள்வி–பதில்: வருகையின் நாளும் வைப்புத் தொகையின் முதிர்வுத் தேதியும்

(வாசகர்களின் வேதாகமக் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற ஆயர் ஒருவர் விடையளிக்கும் பகுதி. கர்த்தருடைய வருகையைக் குறித்து வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.)

கேள்வி: என் கணவர் பள்ளி ஆசிரியர். ஓராண்டாக அலைபேசியில் கடைசிக்காலச் செய்திகளையே கேட்டுவருகிறார். பத்தாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகளின் மேற்படிப்புக்காக அஞ்சலகத்தில் இருவர் பெயரிலும் ஆர்.டி. (மாதத் தொடர் வைப்பு) கட்டி வருகிறோம், அது முதிர இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. “அதற்குள் ஆண்டவர் வந்துவிடுவார், முறித்து ஊழியத்துக்குக் கொடுத்துவிடுவோம்” என்கிறார். பூமியிலே பொக்கிஷம் சேர்க்கக் கூடாது என்ற வசனத்தையும் காட்டுகிறார். நான் கையெழுத்துப் போட மறுத்தால் அவிசுவாசி ஆகிவிடுவேனா?
– ஒரு சகோதரி, நாகர்கோவில்

பதில்: ஆகமாட்டீர்கள், சகோதரி. கையெழுத்துப் போட வேண்டாம் என்பதே என் ஆலோசனை. அதன் காரணத்தை நீங்கள் இருவரும் சேர்ந்து வாசிக்கும்படி சற்று விரிவாகவே எழுதுகிறேன். உங்கள் கணவருடைய ஆவலை நான் ஏளனம் செய்யவில்லை. வருகை என்ற ஒன்று இருப்பதையே மறந்துவிட்ட கிறிஸ்தவர்கள் நிறைந்த இந்நாளில், அதை நினைத்து ஒருவர் தூக்கம் கெடுகிறார் என்றால் அதில் பரியாசத்துக்கு இடமில்லை.

தெசலோனிக்கே சபையில் இதே சிக்கல் எழுந்தது. பவுல் அங்கே அதிக நாள் தங்க முடியாமல், கலகத்தின் காரணமாக இரவோடு இரவாகப் பெரோயாவுக்கு அனுப்பப்பட்டார். அவர் விட்டுச்சென்ற அந்த இளம் சபை ஆண்டவரின் வருகையை மிகுந்த ஏக்கத்தோடு எதிர்பார்த்தது; அதே சபையில் சிலர் தொழிலை விட்டுவிட்டு, பிறர் வீட்டுச் சாப்பாட்டில் காலம் தள்ளத் தொடங்கினார்கள். நாள் நெருங்கிவிட்டது, இனி உழைப்பது எதற்கு என்ற எண்ணமே இதற்குக் காரணமாக இருந்திருக்கும் என்று விளக்கவுரையாளர் பலர் கருதுகிறார்கள். பவுல் அவர்களுக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எக்காளம் தொனிக்க ஆண்டவர் இறங்கிவருவதைச் சொல்லும் அதே பக்கத்தில், அதற்குச் சில வசனங்கள் முன்னதாக, “அமைதலுள்ளவர்களாயிருக்கும்படி நாடவும், உங்கள் சொந்த அலுவல்களைப்பார்க்கவும், உங்கள் சொந்தக் கைகளினாலே வேலைசெய்யவும் வேண்டும்” என்ற புத்திமதி இருக்கிறது. இரண்டாம் நிருபத்தில் குரல் இன்னும் கடுமையாகிறது: வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது. எக்காளத்தை நம்பிய அப்போஸ்தலர்தாம் இரவும் பகலும் கூடாரத் தொழில் செய்து தம் சோற்றைத் தாமே சம்பாதித்தார்.

பொக்கிஷத்தைப் பற்றிய வசனம் குவித்து வைப்பவனுக்குச் சொல்லப்பட்டது. ஒரு பெண் பிள்ளையின் கல்விக் கட்டணத்துக்காக மாதச் சம்பளத்திலிருந்து பிடித்து வைக்கும் தொகையை அந்தக் கணக்கில் சேர்ப்பது வசனத்தை வளைப்பதாகும். மாற்கு ஏழாம் அதிகாரத்தில் ஆண்டவர் கண்டித்த ‘கொர்பான்’ வழக்கத்தையும் உங்கள் கணவர் வாசிக்கட்டும். பெற்றோரைத் தாங்க வேண்டிய பொருளை ‘இது தேவனுக்குக் காணிக்கை’ என்று சொல்லி ஒதுக்கிவிட்டு, அவர்களுக்கு ஒன்றும் செய்யாமல் விடுவதற்கு அன்றைய போதகர்கள் வழி வைத்திருந்தார்கள். தேவ கற்பனையையே அவமாக்குகிறீர்கள் என்று இயேசு அவர்களிடம் சொன்னார். வீட்டாருக்கு உரியதை எடுத்து ஆலயத்துக்குக் கொடுப்பதை அவர் பக்தி என்று ஏற்றுக்கொள்ளவில்லை. தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதும் இதே நியாயத்தில்தான். ஆகவே அவிசுவாசம் என்ற சொல்லை உங்கள் வீட்டில் யார்மேல் பிரயோகிப்பது என்பதை யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

எரேமியாவை நினைத்துக்கொள்ளுங்கள். பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. நகரம் விழும் என்று அவரே தீர்க்கதரிசனம் சொல்லி, அதற்காகவே காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டுக் கிடக்கிறார். அந்த வேளையில் தம் தகப்பனுடைய சகோதரனின் மகனிடமிருந்து ஆனதோத்தில் இருந்த நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்குகிறார். சாட்சிகளின் கையெழுத்து, முத்திரை போட்ட கிரயப் பத்திரம், அது நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னது என்று ஒன்று விடாமல் முப்பத்திரண்டாம் அதிகாரத்தில் பதிவாகியிருக்கிறது. நம் ஊர் சார்பதிவாளர் அலுவலகத்தில்கூட இத்தனை ஒழுங்கைக் காண்பது அரிது. ஊர் அழியப்போவதை நிச்சயமாக அறிந்திருந்தவர் அவர். தேவன் சொன்னதால் நிலம் வாங்கினார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1992 அக்டோபர் 28-ஆம் தேதி சபை, அதாவது விசுவாசிகள், பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும் என்று தென்கொரியாவில் ஓர் இயக்கம் அறிவித்தது. பலர் வேலையை விட்டார்கள், சொத்தை விற்று இயக்கத்துக்குக் கொடுத்தார்கள். அந்த நாளுக்கு முன்பே அதன் தலைவரைக் காவல்துறை கைது செய்தது. மக்கள் கொடுத்த பணத்தில் ஒரு பகுதியை, தாம் குறித்த தேதிக்குப் பிறகு முதிரும் பத்திரங்களில் அவர் முதலீடு செய்திருந்தது தெரியவந்தது. மோசடிக்காகச் சிறைத் தண்டனையும் பெற்றார். உங்கள் கணவர் பணம் அனுப்ப நினைக்கும் ஊழியத்தார் தங்கள் கட்டடக் கடனை எத்தனை ஆண்டுத் தவணையில் எடுத்திருக்கிறார்கள் என்று அவரையே மரியாதையாக விசாரிக்கச் சொல்லுங்கள்.

சண்டையாக்காமல், உங்கள் சபை ஆயரையோ மூப்பர் ஒருவரையோ வைத்துப் பேசுங்கள். ஊழியத்துக்குக் கொடுக்க அவர் மனம் ஏவினால் தம் மாதச் சம்பளத்திலிருந்து கொடுக்கட்டும். அது அவருக்கும் நல்லது.

கேள்வி: தானியேல் புத்தகத்தின் வாரங்களைக் கணக்கிட்டு வருகையின் வருடத்தையே கண்டுபிடித்துவிட்டதாக எங்கள் பகுதியில் ஒரு பிரசங்கியார் சொல்கிறார். கணக்கு சரியாகவே இருப்பதுபோல் தெரிகிறது. எப்படிச் சோதிப்பது?
– ஓர் இளைஞர், மார்த்தாண்டம்

பதில்: கணக்குச் சரியாக இருப்பது பெரிய விஷயமில்லை, தம்பி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் வில்லியம் மில்லரும் தானியேலை வைத்துத்தான் கணக்கிட்டார். அவருடைய இயக்கத்தார் 1844 அக்டோபர் 22-ஆம் தேதியை எதிர்நோக்கி, சிலர் விளைந்த பயிரை அறுக்காமல் வயலிலேயே விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். மறுநாள் பொழுது விடிந்தபோது அவர்கள் அழுத அழுகை வரலாற்றில் ‘மகா ஏமாற்றம்’ என்று பெயர் பெற்றிருக்கிறது. மில்லர் ஏமாற்றுக்காரர் அல்லர், உண்மையான பக்தர். அதனால்தான் அவருடைய கதை நமக்கு அதிகமாகப் பயன்படுகிறது.

உங்கள் ஊருக்கு மிக அருகிலும் இது நடந்திருக்கிறது. திருவிதாங்கூரில் 1875-ஐ ஒட்டி எழுந்த எழுப்புதலில் முன்னின்றவர், தமிழ் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான யுஸ்துஸ் ஜோசப் என்னும் ஆயர். இன்றும் பாடப்படும் மலையாளக் கீர்த்தனைகளை இயற்றியவர். 1881-இல் கிறிஸ்து வருவார் என்ற தீர்க்கதரிசனத்தை அந்த இயக்கம் ஏற்றுக்கொண்டது. ஆண்டு வந்தது, போனது. எழுப்புதலில் இருந்த நல்ல தீயும் அதோடு பெரிதும் அணைந்து, ஒரு சிறு பிரிவாகச் சுருங்கிவிட்டது. 2011-இல் அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் ஹரோல்டு கேம்பிங் முதலில் மே 21 என்றார், பிறகு அக்டோபர் 21 என்றார். மறு ஆண்டு, தேதி குறித்தது பாவம் என்று எழுத்திலேயே ஒப்புக்கொண்டார்.

“அந்த நாளையும் அந்த நாழிகையையும் என் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான்” என்று ஆண்டவர் சொல்லியிருக்க, ‘நாளும் நாழிகையும்தானே தெரியாது, வருஷம் தெரியலாம்’ என்று வாதிடுகிறவர்களும் உண்டு. வக்கீல் வாதம். பரமேறுவதற்கு முன் சீஷர்களிடம் “காலங்களையும் வேளைகளையும்” அறிவது உங்களுக்கு அடுத்ததல்ல என்றே சொல்லிவிட்டார். வருடம் அதற்குள் அடங்கிவிடுகிறது.

கேள்வி: ‘இரகசிய வருகை’யை எங்கள் சபையில் போதிப்பதில்லை. அதை நம்பாதவர்கள் கைவிடப்படுவார்கள் என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். ஞாயிறு பள்ளியில் ஒரு படத்தைக் காட்டியதிலிருந்து என் ஏழு வயது மகன், நான் கடைக்குப் போனால்கூட ‘அம்மா எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டாள்’ என்று அழுகிறான்.
– ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: வருகையின் நிகழ்ச்சிகள் எந்த வரிசையில் வரும் என்பதில் சபைகளுக்குள் நெடுங்கால வேறுபாடு உண்டு. உபத்திரவ காலத்துக்கு முன்பே சபை தனியாக எடுத்துக்கொள்ளப்படும் என்ற விளக்கம் 1830-களில் ஜான் நெல்சன் டார்பி என்ற பிரதரன் சபைப் போதகரால் வடிவம் பெற்று, 1909-இல் வெளியான ஸ்கோஃபீல்டு குறிப்பு வேதாகமத்தின் வழியாக உலகெங்கும் பரவியது. அதை மனதார நம்புகிற தேவபக்தர்கள் இருக்கிறார்கள். அதை அறியாமலே கர்த்தருக்குள் மரித்த பரிசுத்தவான்கள் பதினெட்டு நூற்றாண்டுகளாக இருந்தார்கள். கிறிஸ்துவே மகிமையோடு திரும்ப வந்து நியாயந்தீர்ப்பார் என்பதை எல்லாச் சபைகளும் விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கையிடுகின்றன. ஒருவர் கைவிடப்படுவது கிறிஸ்துவை விட்டு விலகுவதால். விளக்கப்படத்தின் வரிசை தெரியாததால் அல்ல.

குழந்தைக்கு அந்தப் படத்தைக் காட்டியது தவறு. பவுல் இந்தச் செய்தியைச் சொல்லி முடித்த விதம், “இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்” என்பது. பையனிடம், இயேசு வரும்போது உன்னையும் என்னையும் ஒன்றாகத்தான் தேடுவார் என்று சொல்லுங்கள். ஞாயிறு பள்ளிக் கண்காணிப்பாளரிடமும் பேசுங்கள்.

கேள்வி: ரேஷன் கடையில் விரல் ரேகை வைக்கச் சொல்கிறார்கள். ஆதார் எண்தான் வெளிப்படுத்தின விசேஷத்தில் சொன்ன மிருகத்தின் முத்திரை என்று ஒரு ஜெபக் கூட்டத்தில் கேட்டதிலிருந்து நான் கடைக்கே போவதில்லை. தவறாக முத்திரையை வாங்கிவிட்டேனோ?
– ஒரு விதவைத் தாய், இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: இல்லை, அம்மா. நாளைக்கே கடைக்குப் போய் உங்கள் அரிசியை வாங்குங்கள். (ரேகை தேய்ந்த முதியவர்களின் விரலைக் கருவி ஏற்றுக்கொள்ளாமல் அலைக்கழிப்பது வேறு தொல்லை, அதற்குத் தீர்க்கதரிசனம் காரணமில்லை.)

முத்திரை இல்லாதவன் கொள்ளவும் விற்கவும் முடியாது என்று சொல்லும் பதின்மூன்றாம் அதிகாரத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், பதினான்காம் அதிகாரத்தையும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். மிருகத்தையும் அதின் சொரூபத்தையும் வணங்கி அதின் முத்திரையைத் தரித்துக்கொள்ளுகிறவன் என்று அங்கே வருகிறது. வணக்கம் முதலில் நிற்கிறது. தெரியாமல், கை தவறி, வரிசையில் நின்று வாங்கிக்கொள்ளக்கூடிய ஒன்றாக வேதம் அதைக் காட்டவே இல்லை. அதே அதிகாரத்தின் முதல் வசனத்தில், ஆட்டுக்குட்டியானவரோடு நிற்பவர்களின் நெற்றியில் பிதாவின் நாமம் எழுதியிருக்கிறது. அதை யாரும் பச்சை குத்திய எழுத்தாக எடுத்துக்கொள்வதில்லை. ஒருவன் யாருக்கு உரியவன் என்பதையே அது காட்டுகிறது.

யோவான் இதை எழுதியது ஆசியா மாகாணத்தின் ஏழு சபைகளுக்கு. அங்கே ரோமப் பேரரசனைத் தேவனாக வணங்கும் கோவில்கள் இருந்தன. தியத்தீரா போன்ற பட்டணங்களில் சாயமிடுவோர், தோல் வேலை செய்வோர், செம்பு வேலை செய்வோர் எல்லாருக்கும் தனித்தனித் தொழிற்சங்கங்கள். அவற்றின் விருந்துகளில் விக்கிரகப் படையல் உண்டு. அங்கே உட்கார்ந்து சாப்பிட மறுக்கும் கிறிஸ்தவனுக்குக் கொள்ளவும் விற்கவும் முடியாமல் போகும் என்பது அவர்களுக்கு அன்றாடப் பிழைப்பின் பிரச்சினை. மிருகத்தின் இலக்கமான 666, நீரோ இராயன் என்ற ரோமப் பேரரசனின் பெயரை எபிரெயத்தில் எழுதி, எழுத்துகளின் எண்மதிப்பைக் கூட்டினால் வருகிறது என்று அறிஞர் பலர் காட்டியிருக்கிறார்கள். இனி ஒரு காலத்தில் அதற்கு இன்னொரு நிறைவேறுதல் உண்டு என்று நம்புவோரும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் 1974-இல் கடைகளுக்கு வந்த பார்கோடு தொடங்கி, ஆதார், 2021-இல் போட்ட கொரோனா தடுப்பூசி வரை ஒவ்வொன்றையும் முத்திரை என்று கூவியவர்கள், முந்தியது பொய்த்ததற்கு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்காமலே அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். அந்தப் பயத்தினால் ஒரு விதவையின் வீட்டில் அடுப்பு எரியாமல் போனதற்கு அவர்கள் ஆண்டவருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: இஸ்ரேலில் யுத்தம், எங்கும் பூமியதிர்ச்சி, வெள்ளம். இவற்றை எல்லாம் அன்றாடம் கவனித்துக் குறித்து வைப்பதுதானே விழித்திருப்பது?
– ஒரு சகோதரர், கோயம்புத்தூர்

பதில்: யுத்தங்களின் செய்திகளைக் கேள்விப்படும்போது “கலங்காதபடி எச்சரிக்கையாயிருங்கள்” என்றும், “முடிவு உடனே வராது” என்றும் ஆண்டவர் சொன்னார். செய்தியைப் பார்த்ததும் படபடப்பு ஏறுகிறது என்றால் அவர் சொன்னதற்கு நேர் எதிரானது நடக்கிறது என்றே பொருள்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் ஏறி வந்தபோது வேளாங்கண்ணியில் யாத்திரை வந்திருந்தவர்களும் மாண்டுபோனார்கள். அந்த வாரமே, ‘சமுத்திரமும் அலைகளும் முழக்கமாயிருக்கும்’ என்ற வசனத்தை எடுத்துக்கொண்டு மேடையேறியவர்களை நான் கேட்டிருக்கிறேன். இறந்தவர்களின் பாவத்தைப் பேசியவர்களும் உண்டு. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததைக் குறித்து இயேசு என்ன சொன்னார்? எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரிலும் அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று கேட்டு, மனந்திரும்புதலைக் கேட்டவர்களின் பக்கமே திருப்பிவிட்டார். அதே வாரத்தில் தேவாலயங்களையும் பள்ளிகளையும் திறந்துவிட்டு, சோறு பொங்கிப் போட்டு, அடையாளம் தெரியாத உடல்களை அடக்கம் பண்ணினவர்கள் இருந்தார்கள். விழித்திருந்தவர்கள் அவர்களே என்பது என் கருத்து.

1780 மே 19-ஆம் தேதி அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் நடுப்பகலில் இருட்டிப்போனது. காட்டுத்தீயின் புகை காரணம் என்பது இன்று தெரியும். அன்று நியாயத்தீர்ப்பு நாளே வந்துவிட்டதென்று மக்கள் நடுங்கினார்கள். கனெக்டிகட் மாநில அவையைக் கலைத்துவிடலாம் என்று பேச்சு எழுந்தபோது ஏப்ரகாம் டேவன்போர்ட் என்ற உறுப்பினர் மறுத்தார். அந்த நாள் வரவில்லை என்றால் கலைய வேண்டிய அவசியமில்லை, வந்துவிட்டது என்றால் தம் கடமையைச் செய்கிறவராகவே காணப்பட விரும்புவதாகச் சொல்லி, மெழுகுவர்த்திகளைக் கொண்டுவரச் சொன்னார். ஏற்ற வேளையிலே வீட்டாருக்குப் போஜனம் கொடுக்கும்படி வைக்கப்பட்ட ஊழியக்காரனின் உவமையை அவர் சரியாகப் படித்திருக்கிறார். எஜமான் எந்தச் சாலையில் வருகிறார் என்று மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் வேலை அந்த உவமையில் யாருக்கும் கொடுக்கப்படவில்லை. சமையற்கட்டில்தான் ஆள் தேவைப்பட்டது.

கேள்வி: எனக்கு வயது 81. சிறுவனாக இருந்தபோதே ‘இதோ வருகிறார்’ என்று கேட்டேன். என் தகப்பனாரும் தாயாரும் எதிர்பார்த்தே அடக்கமானார்கள். இனி என் ஆயுளில் காண்பேன் என்ற நம்பிக்கை இல்லை. இது பாவமா?
– ஒரு பெரியவர், நாசரேத்

பதில்: பாவமில்லை, ஐயா. பவுலுக்கே இது நேர்ந்தது. தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, கர்த்தர் வருமட்டும் ‘உயிரோடிருக்கும் நாமும்’ என்று தம்மையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார். தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்திலோ தேகத்தைவிட்டுப் பிரியும் காலம் வந்தது என்கிறார். வருகையை அவர் விட்டுவிடவில்லை. நீதியின் கிரீடம் தமக்கு மாத்திரமல்ல, ஆண்டவர் பிரசன்னமாகுதலை விரும்பும் யாவருக்கும் உண்டு என்று அதே மூச்சில் சொல்கிறார். பிறகு, துரோவா பட்டணத்தில் கார்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கியையும் புத்தகங்களையும், முக்கியமாகத் தோற்சுருள்களையும் எடுத்து வரச் சொல்கிறார். மாரிகாலத்துக்கு முன் வந்து சேரவும் கேட்டுக்கொள்கிறார். மரணத்தை எதிர்நோக்கும் கிழவருக்குக் குளிர் வரும் என்ற கவலையும், வாசிக்க ஏதாவது வேண்டுமே என்ற ஆசையும் இருந்தன. எனக்கு வேதத்தில் மிகவும் பிடித்த இடங்களில் அது ஒன்று.

தாமதத்தைப் பற்றிப் பேதுரு சொல்லும் காரணம் ஒன்றுதான்: ஒருவரும் கெட்டுப்போகாமல் எல்லாரும் மனந்திரும்ப வேண்டுமென்று அவர் நீடிய பொறுமையாயிருக்கிறார். உங்கள் பெற்றோர் எதிர்பார்த்தபடி அவர் அன்றே வந்திருந்தால், உங்கள் பேரப்பிள்ளைகள் பிறந்திருக்கமாட்டார்கள்.

கேள்வி: சிவகாசியில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். ‘இயேசு சீக்கிரம் வருகிறார்’ என்ற வசனக் காலண்டர்களை ஆண்டுதோறும் அச்சிடுகிறோம். நானும் என் குடும்பமும் வருகைக்கு ஆயத்தப்பட மாதந்தோறும் உபவாசக் கூட்டம் தொடங்க விரும்புகிறேன். வேறென்ன செய்ய வேண்டும்?
– ஓர் அச்சக உரிமையாளர்

பதில்: வருகை சமீபம் என்று நம்பிக்கொண்டே அடுத்த ஆண்டின் காலண்டரை அச்சிடுவதில் முரண்பாடு ஒன்றும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், “கர்த்தரின் வருகை சமீபமாயிருக்கிறதே” என்ற வாக்கியம் இருக்கிறது. உங்கள் காலண்டரிலும் அது இடம்பெற்றிருக்கக்கூடும். அதற்கு நான்கு வசனங்கள் முன்னே, வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது என்றும், அந்தக் கூக்குரல் சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் பட்டது என்றும் எழுதியிருக்கிறது. இதைக் காலண்டரில் யாரும் அச்சிடக் கேட்பதில்லை. உங்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, குற்றம் சாட்டவும் இல்லை. ஆனாலும் ஆயத்தம் என்று கேட்டதால் சொல்கிறேன்: சனிக்கிழமைக் கூலியைத் திங்களுக்குத் தள்ளும் பழக்கம் உண்டா, சீசன் நேரத்தில் இரவு வேலைக்கு உரிய கூடுதல் கூலி கணக்கில் ஏறுகிறதா, பைண்டிங் பகுதியில் உட்கார்ந்து மடிக்கும் பெண்களுக்குப் பிடித்த வைப்பு நிதி உரிய இடத்தில் கட்டப்பட்டிருக்கிறதா, தாள் வாங்கிய கடையில் பழைய பாக்கி நிற்கிறதா என்று ஒரு மாலை உட்கார்ந்து பேரேட்டைப் பாருங்கள். வரி வசூலிப்பவனான சகேயுவின் வீட்டுக்கு ஆண்டவர் வந்தபோது, அநியாயமாய் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதாக அவன் பேசியதும் பேரேட்டைப் பற்றித்தான்.

உபவாசக் கூட்டத்தைத் தாராளமாகத் தொடங்குங்கள். உபவாச நாளிலேயே வேலைக்காரரைக் கசக்கிப் பிழிந்தவர்களை ஏசாயா ஐம்பத்தெட்டாம் அதிகாரத்தில் கண்டிப்பதால், அந்த நாளில் தொழிலாளர்களை முன்னதாக வீட்டுக்கு அனுப்பிவிடுவது நல்லது. கூட்டம் சனிக்கிழமை என்றால் கூலியை வெள்ளிக்கிழமையே கொடுத்துவிடுங்கள்.